கூக்ளியைக் கையில் படிப்பதா, காற்றிலா, தரையிலா?

"லெக் ஸ்பின்னர் பந்தை எடுத்தாலே கால் கட்டிப்போகுது. ஒரு கோச் கையைப் பாருங்கறார். இன்னொருத்தர் பந்தை மட்டும் பாருங்கறார். சீனியர் ஒருத்தர், எதையும் பார்க்காதே, ஸ்வீப் அடிச்சிடுங்கறார்." கீழ் டிவிஷன் லீக் ஆடும் பையன்களிடம் பத்து நிமிடம் பேசினால் இந்தப் புலம்பல் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மூன்று அறிவுரையுமே சரி. ஆனால் மூன்றும் வேறு வேறு பந்துக்கும் வேறு வேறு பிட்சுக்கும் பொருந்துபவை.

சுழற்பந்தின் ஏமாற்றைக் கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு: பந்துவீச்சாளரின் கையில் படிப்பது, காற்றில் படிப்பது, தரையில் பட்ட பின் படிப்பது, படிக்காமலே ஆடிவிடுவது. வலது கை லெக் ஸ்பின்னரை வலது கை பேட்ஸ்மேன் ஆடுவதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். அவரது வழக்கமான பந்து லெக் பிரேக், பேட்ஸ்மேனைவிட்டு வெளியே திரும்பும். அதே மாதிரி வந்து உள்ளே திரும்புவது கூக்ளி. திரும்பாமல் நேராக வருவது டாப் ஸ்பின். குல்தீப் யாதவ் போல இடது கை மணிக்கட்டுச் சுழல் என்றால் திசைகளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு

கிரீஸுக்கும் கிரீஸுக்கும் இடையே 17.68 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் விடப்படும் பந்து பேட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.9 நொடி ஆகும். பேட்டுக்கு 4 மீட்டர் முன்னால் பிட்ச் ஆகிறது, அதாவது தரையில் படுகிறது என்றால், 0.65 நொடி காற்றிலேயே போய்விடும். தரையில் பட்டு வேகம் குறைந்த பிறகு மிச்சம் 0.25 நொடி. அதே லென்த்தில் (பந்து தரையில் விழும் தூரம்) 95 கி.மீ. வேகப் பந்து என்றால் மிச்சம் 0.2 நொடிதான்.

கண்ணில் பட்டது கைக்குப் போய்ச் சேர்ந்து பேட்டின் போக்கு மாறுவதற்கும் ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். 1987-ல் பீட்டர் மெக்லியட் என்ற ஆய்வாளர் மேட்டிங்குக்கு (பிட்ச் மேல் விரிக்கும் பாய்) அடியில் மரக்குச்சிகளை வைத்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்து பார்த்தார். சர்வதேச ஆட்டக்காரர்களாலும் அந்த 0.2 நொடியைக் குறைக்க முடியவில்லை. "அவருக்கு ரிஃப்ளெக்ஸ் அதிகம்" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அவர் முன்கூட்டியே படித்துவிட்டார் என்பதுதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியிடமும் ஐந்து கேள்வி கேட்கலாம்:

- முடிவெடுக்க எவ்வளவு நேரம் தருகிறது?
- பந்துவீச்சாளர் அதை எவ்வளவு எளிதில் பொய்யாக்க முடியும்?
- பிட்ச், வெளிச்சம், பந்தின் நிலை மாறினால் தாங்குமா?
- கற்க எவ்வளவு நாள், யாருடைய உழைப்பு வேண்டும்?
- தவறினால் எப்படி அவுட் ஆவோம்?

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பேட்டைத் தாண்டிப் பந்து போவதும் தவறுதான், ஸ்டம்பிங் ஆவதும் தவறுதான். இரண்டின் விலை ஒன்றல்ல.

1. கையில் படிப்பது

நேரம் அதிகம் தரும் வழி இது. பந்து கையை விடும்போதே தெரிந்துவிட்டால் முழு 0.9 நொடியும் உங்களுடையது.

பந்துவீச்சாளரின் கை தலைக்கு மேலே வரும் இடத்தில் மணிக்கட்டைப் பாருங்கள். லெக் பிரேக்கில் உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் உங்களை நோக்கித் திரும்பியிருக்கும். மோதிர விரல் பந்தைப் பக்கவாட்டில் திருகிவிடும். டாப் ஸ்பின்னில் சுண்டுவிரல் ஓரத்து விளிம்பு உங்களை நேராகப் பார்க்கும். கூக்ளியில் மணிக்கட்டு இன்னும் மடங்கி, புறங்கை உங்கள் பக்கம் வந்துவிடும். பந்து சுண்டுவிரலுக்கு மேலே வழிந்து வருவதுபோல் இருக்கும். மூன்றுக்கும் நடுவே மணிக்கட்டின் திருப்பம் ஒன்றுதான் வித்தியாசம். அதனால் 17 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு இது எளிதான வேலை இல்லை.

இளம் பந்துவீச்சாளர்களிடம் மணிக்கட்டைவிடத் தோள்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். கூக்ளிக்காகக் கையைச் செங்குத்தாகத் தூக்குவார்கள். இடது தோள் சீக்கிரம் சரியும். தலை பக்கவாட்டில் சாயும். பந்தும் கொஞ்சம் மெதுவாக, உயரமாக வரும். பள்ளி அளவில் ஆடுகிறவர்கள் மணிக்கட்டைத் தேடி அலைய வேண்டாம். தோளும் தலையும் போதும்.

ஆஃப் ஸ்பின்னரின் கேரம் பாலுக்கு அடையாளம் வேறு. அவரது வழக்கமான, உள்ளே திரும்பும் ஆஃப் பிரேக்கில் ஆள்காட்டி விரல் பந்தின் மேல் உருண்டு, கை உள்பக்கம் திரும்பும். கேரம் பாலில் நடுவிரல் பந்துக்குப் பின்னால் மடிந்திருந்து சொடுக்கிவிடும். கை அப்படித் திரும்பாது. சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் இதற்குச் 'சொடுக்கு பால்' என்று பெயர். அஸ்வினுக்கு இது கிடைத்ததும் அங்கிருந்துதான். டென்னிஸ் பந்தில் தையல் கிடையாது என்பதால் கையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தெருவில் ஆடி வந்தவர்கள் சொடுக்கைச் சட்டென்று பிடித்துவிடுவது இதனால்தான்.

உச்சத்தில் இந்த வழி என்ன தரும் என்பதற்கு 2001-ல் இலங்கையில் ஆடிய பிரையன் லாரா சாட்சி. முரளிதரனின் மண்ணில் மூன்று டெஸ்டில் 688 ரன். ஆனால் அதே முரளிதரனை அதே தொடரில் ஆடிய மற்ற மேற்கிந்தியர்களுக்கு அந்தக் கை திறக்கவில்லை; தொடரை இலங்கை 3-0 என்று வென்றது.

*எப்படிப் பழகுவது*

பேட் இல்லாமல் நெட்ஸில் ஸ்டம்புக்கு முன் நில்லுங்கள். ஹெல்மெட், பேடு மறக்க வேண்டாம். 30 பந்து. ஒவ்வொன்றும் தரையில் படுவதற்குள் "லெக்", "கூக்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பட்ட பிறகு சொன்னால் அது கணக்கில் சேராது.

வீட்டில் பழக மொபைல் போதும். பேட்டிங் முனையில் நடு ஸ்டம்பு வரிசையில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், அதாவது உங்கள் கண் மட்டத்தில், வலைக்குப் பின்னால் நிறுத்துங்கள். 2 மடங்கு ஜூம் வையுங்கள். இல்லாவிட்டால் கை புள்ளியாகத் தெரியும். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 ஃபிரேம் கிடைத்தால் நல்லது. சாதாரண 30 ஃபிரேமில் மணிக்கட்டு திரும்பும் கணமே இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் தொலைந்துவிடும். மாலை வெளிச்சத்தில் எடுத்தால் கை மங்கலாகிவிடும். காலை 9 மணிக்கு மேல் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கிளிப்பையும் மூன்று இடத்தில் வெட்டுங்கள்: பந்து கையை விடும் கணம், அதற்கு 0.1 நொடி கழித்து, பிட்ச் ஆவதற்குச் சற்று முன். கடினமானதிலிருந்து தொடங்காமல், நீளமான கிளிப்பிலிருந்து குட்டைக்கு வாருங்கள். பார்க்கும்போது சாதாரண வேகத்தில்தான் ஓட வேண்டும். ஸ்லோவில் பார்த்துக் கண்டுபிடிப்பது மேட்சில் உதவாது.

கலவை முக்கியம். 40 கிளிப்பில் 25 லெக் பிரேக், 10 கூக்ளி, 5 டாப் ஸ்பின் என்று வையுங்கள். பாதிக்குப் பாதி வைத்தால் மேட்சில் எல்லாப் பந்தும் கூக்ளியாகத் தெரியும். மதிப்பெண் போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது: கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "லெக்" என்று சொன்னாலே 40-க்கு 25 சரியாகிவிடும், 62 சதவீதத்துக்கு மேல். ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். பத்துக் கூக்ளியில் எத்தனையைப் பிடித்தீர்கள், லெக் பிரேக்கை எத்தனை முறை கூக்ளி என்றீர்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

*வெளியே தெரியாத செலவு*

முதல் செலவு உங்களுடையது இல்லை, பந்து போடுகிற பையனுடையது. தினமும் 30, 40 கூக்ளி போடச் சொன்னால் மணிக்கட்டு அந்தக் கோணத்திலேயே பழகி, அவனுடைய லெக் பிரேக் திரும்பாமல் போய்விடும். லெக் ஸ்பின் கற்பிப்பவர்கள் எல்லோரும் அஞ்சும் நோய் இது, தோளுக்கும் கேடு. ஒரு செஷனுக்குப் பத்துக் கூக்ளிக்கு மேல் கேட்காதீர்கள். மிச்சத்தை வீடியோவில் பழகுங்கள்.

இரண்டாவது செலவு, கண் கையிலேயே ஒட்டிக்கொள்வது. திசை தெரிந்துவிட்ட மகிழ்ச்சியில் லென்த்தைக் கோட்டை விடுவார்கள். கூக்ளி என்று சரியாகப் பிடித்துவிட்டு, பின்னால் போக வேண்டிய பந்துக்கு முன்னால் வந்து நிற்பது நெட்ஸில் அன்றாடக் காட்சி. லென்த்தைச் சரியாகப் பிடித்துத் திசையைத் தவறவிட்டவன் பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, பந்துவீச்சாளரும் உங்களைப் படிக்கிறார். பாகிஸ்தான் லெக் ஸ்பின்னர் அப்துல் காதிரிடம் இரண்டு விதக் கூக்ளி இருந்தது. ஒன்று பார்த்தவுடன் தெரியும். அதைப் பிடித்துவிட்டோம் என்று பேட்ஸ்மேன் தைரியமாக நிற்கும்போது மற்றது வரும். ரஷீத் கானிடம் சிக்கல் வேறு மாதிரி: கை வேகமாகச் சுற்றும், மணிக்கட்டைவிட விரல்களால் அதிகம் வேலை செய்வார், ஆகவே 'புறங்கை தெரிகிறதா' என்ற கேள்விக்கே இடமில்லை.

2. காற்றில் படிப்பது

பலரும் குறைத்து மதிப்பிடும் வழி. லீக் அளவில் ஆடுகிறவருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

நல்ல லெக் ஸ்பின்னரின் பந்து நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் சுழன்று வரும். நொடிக்கு முப்பதுக்கு மேல். தையல் தனியாகத் தெரியாது, வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை ஸ்லிப் பக்கம் சாய்ந்திருந்தால் லெக் பிரேக். லெக் ஸ்லிப் பக்கம் சாய்ந்தால் கூக்ளி. நேராக நின்றால் டாப் ஸ்பின். புதுச் சிவப்புப் பந்தில் பகல் வெளிச்சத்தில் இது நன்றாகவே தெரியும். 40 ஓவர் அடிபட்டுத் தையல் அழுக்கான பந்தில் மறைந்துவிடும். தையலைக் கலைத்துப் பிடித்துப் போடுகிறவரிடமும் பட்டை கிடைக்காது. புள்ளி புள்ளியாகத் தள்ளாடும்.

தையல் தெரியாவிட்டாலும் பந்தின் பாதை பேசும். லெக் பிரேக் காற்றில் லெக் பக்கம் நகர்ந்துவிட்டு, பிட்ச் ஆனதும் வெளியே திரும்பும். கூக்ளி அப்படி உள்ளே நகராது, சில சமயம் லேசாக வெளியே போகும். டாப் ஸ்பின் அதிகம் கலந்திருப்பதால் திடீரென்று இறங்கி, எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக விழுந்து, எழும்பும். 'லெக் பிரேக் மாதிரி வந்தது, ஆனால் உள்ளே நகரவே இல்லை' என்று தோன்றினால் சந்தேகப்படுங்கள்.

இதன் பெரிய நன்மை, திசையும் லென்த்தும் ஒரே பார்வையில் கிடைப்பது. கண் எப்படியும் பந்தின் மேல்தான் இருக்கிறது. 2000-ல் மைக்கேல் லேண்டும் மெக்லியட்டும் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்தபோது, பந்து எங்கே பிட்ச் ஆகும் என்ற இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவுவதும், திறமை கூடியவரிடம் அந்தத் தாவல் சீக்கிரம் நடப்பதும் தெரிந்தது. காற்றில் படிக்கப் பழகுகிறவர் இந்தத் தாவலுக்கு முந்தைய பாதியை வீணாக்காமல் இருக்கக் கற்கிறார், அவ்வளவுதான்.

பொய்யாக்குவதும் கடினம். கையை மறைக்கலாம், சுழலும் பந்து காற்றில் நகராமல் இருக்கச் செய்வது லேசில்லை. ஆனால் தட்டையாக, 95 கி.மீ.யில் குத்துகிறவரிடம் நகர்வதற்கே நேரம் இருக்காது. அங்கே இந்த வழி கைவிடும். பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும் மைதானங்களிலும் பாதையை நம்ப வேண்டாம்.

பழகுவதற்கு ஒரே ஒரு உபகரணம்: பாதி சிவப்பு, பாதி வெள்ளையாக வண்ணம் பூசிய பந்து. பழைய பந்துக்கு எனாமல் பெயின்ட் அடித்து நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை 20 பந்து பார்த்தபின் சாதாரணப் பந்துக்குத் திரும்புங்கள். இரு வண்ணப் பந்திலேயே தங்கிவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்.

3. தரையில் படிப்பது

'பிட்ச் ஆனதும் பார்த்து ஆடு' என்பது இதுதான். யாரும் ஏமாற்ற முடியாத வழி, ஏனென்றால் பந்து ஏற்கனவே திரும்பிவிட்டது. விலை நேரம்.

முழு லென்த்தில், பேட்டுக்கு 2 மீட்டருக்குள் விழும் பந்தில் மிச்சம் 0.12 நொடி. கை மாறாது. எனவே தரையில் படிக்கிறவர் தனக்குத்தானே நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். கிரீஸுக்கும் ஸ்டம்புக்கும் நடுவே 1.22 மீட்டர் இருக்கிறது. அதில் ஒரு மீட்டர் பின்னால் போனால் 0.06 நொடி கூடுதலாகக் கிடைக்கும். 0.25 நொடியில் இது கால் பங்கு. தலை பந்துக்கு மேலே, கை தளர்ந்து, பேட் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

மெதுவான கரிசல் மண் பிட்சில் இது அருமையாக வேலை செய்யும். செம்மண் பிட்சில் எழும்பும் பந்து கையுறையைத் தேடும். கயிற்று மேட்டிங்கில் நம்பவே நம்பாதீர்கள். நம் பள்ளி, மாவட்ட ஆட்டங்களில் பின்னங்காலில் நின்று ஆடி போல்டு ஆகிறவர்களின் கதை பாதி அங்கேதான். மூன்றாம் நாள் தாழ்ந்து வரும் பிட்ச் என்றால் எல்பிடபிள்யூ காத்திருக்கிறது.

டி20-யில் இன்னொரு செலவு: இப்படி ஆடினால் ஒற்றை ரன் வரும், பவுண்டரி வராது.

4. படிக்காமலே ஆடுவது

திசை எதுவானாலும் பேட்டில் படும்படி பந்தின் காலடிக்கே போய்விடுவது. இதற்கும் கணக்கு உண்டு. பேட்டின் அகலம் 10.8 செ.மீ.; நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 செ.மீ. நீங்கள் லெக் பிரேக் என்று நினைத்தது 5 டிகிரி வெளியே போவதற்குப் பதில் 5 டிகிரி உள்ளே வந்தால் மொத்த வித்தியாசம் 10 டிகிரி. பிட்ச் ஆன இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் பேட் இருந்தால் விலகல் 5.3 செ.மீ.; விளிம்பிலாவது படும். 2 மீட்டர் தள்ளி இருந்தால் 35 செ.மீ. விலகும், மூன்று பேட் அகலத்துக்கும் மேல். பாதி தூரம் இறங்கிவந்து நிற்பதைப்போல ஆபத்து வேறில்லை என்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான். இறங்கினால் முழுதாக இறங்க வேண்டும். ஸ்வீப்பும் இதே தர்க்கம்: பந்து திரும்பும் முன் அல்லது திரும்பும் இடத்திலேயே சந்திப்பது.

2008-ல் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் அஜந்த மெண்டிஸைச் சந்தித்த சேவாக்கின் இரண்டு இன்னிங்ஸை அருகருகே வைத்தால் இந்த வழியின் இரு முகமும் தெரியும். கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதியாட்டம்: 60 ரன் விளாசியவர் மெண்டிஸ் பந்துக்கு இறங்கி வந்து ஸ்டம்பிங் ஆனார், மெண்டிஸ் 13 ரன்னுக்கு 6 விக்கெட். சில வாரம் கழித்து காலியில் டெஸ்ட்: அணி எடுத்த 329-ல் சேவாக் மட்டும் 201, கடைசி வரை அவுட் இல்லை.

அந்தத் தொடருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அம்பயரின் தீர்ப்பை ரிவியூ செய்யக் கேட்கும் டி.ஆர்.எஸ். முறை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது அதில்தான். படிக்க முடியாத பந்துக்கு முன்காலை நீட்டிப் பேடில் வாங்கிக்கொள்வது அதுவரை ஐந்தாவது வழியாகவே இருந்தது. ரிவியூ வந்தபின் அது அடைபட்டது. ரிவியூ இல்லாத லீக் ஆட்டத்தில் இன்னும் ஓரளவு செல்லும், அம்பயரைப் பொறுத்து.

ஸ்டம்பிங் அபாயம் கூக்ளி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1900-ல் லார்ட்ஸில், கூக்ளியை உருவாக்கிய போசன்கெட்டின் கூக்ளிக்கு 98 ரன்னில் ஸ்டம்பிங் ஆன சாமுவேல் கோவுக்கு வந்த பந்து நான்கு முறை குதித்து வந்ததாம்.

அட்டவணையில்

| | கை | காற்று | தரை | படிக்காமல் |
|---|---|---|---|---|
| கிடைக்கும் நேரம் (80 கி.மீ., 4 மீட்டர் லென்த்) | 0.9 நொடி | 0.5 நொடிக்குக் குறையாது | 0.25 நொடி | தேவையில்லை |
| ஏமாற்ற முடியுமா | எளிதில் | கடினம் | முடியாது | லென்த்தில் ஏமாற்றலாம் |
| எங்கே கைவிடும் | மங்கிய வெளிச்சம், வேகக் கை | தட்டைப் பந்து, பழைய பந்து, பலத்த காற்று | மேட்டிங், முழு லென்த் | உயரமாக எழும்பும் பிட்ச் |
| பழகும் காலம் | ஒரு பந்துவீச்சாளருக்கே வாரக்கணக்கில் | ஒன்றிரண்டு மாதம் | கால் அசைவு இருந்தால் சில வாரம் | ஸ்வீப் தெரிந்தால் உடனே |
| தவறினால் | போல்டு, எல்பிடபிள்யூ | விளிம்பில் பட்டு கேட்ச் | எல்பிடபிள்யூ, போல்டு | ஸ்டம்பிங், டாப் எட்ஜ் |

யார் எதை எடுப்பது

15 வயதுக்குக் கீழ்: காற்று. கையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தோள் சாய்வு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரே லீக்கில் அதே இரண்டு மூன்று ஸ்பின்னர்களை வருடா வருடம் ஆடுகிறவர்கள் கையில் உழைக்கலாம், ஏனெனில் கையைப் படிப்பது ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பாடம். ஒருவரிடம் கற்றது அடுத்தவரிடம் செல்லாது. இரண்டு நாள் ஆட்டம், மெதுவான பிட்ச், டிரா போதும் என்றால் தரை. 20 ஓவர் ஆட்டத்தில் ஓவருக்குப் பத்து ரன் வேண்டும் என்றால் நான்காவது வழி தவிர மற்றதற்கு அவகாசமில்லை, அதுவும் லெக் பக்கம் எல்லை சிறியதாக இருந்தால்.

விக்கெட் கீப்பர்களுக்கு இந்த விவாதமே கிடையாது. அவர்கள் காத்திருக்கும் இடம் பேட்டுக்குப் பின்னால். பேட் மறைக்கும் என்பதால் கையிலோ காற்றிலோ பிடித்தாக வேண்டும். உங்கள் அணிக் கீப்பரிடம் கேளுங்கள், உங்கள் நெட்ஸ் லெக் ஸ்பின்னரைப் பற்றி கோச்சைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

தெரியாத லெக் ஸ்பின்னர் வந்தால்

மறுமுனையில் நிற்கும்போதே வேலை ஆரம்பம். நான்ஸ்ட்ரைக்கர் நிற்கும் இடத்திலிருந்து பந்துவீச்சாளரின் பிடி பக்கத்தில் தெரியும்: கூக்ளிக்கு முன் பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொள்கிறாரா, ஓட்டத்தின் தொடக்கத்திலேயே பிடியை மாற்றுகிறாரா என்று பாருங்கள். நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் கிறிஸ் கெய்ர்ன்ஸ் பந்தைப் பிடிக்கும் விதத்தை நான்ஸ்ட்ரைக்கர் முனையிலிருந்து பார்த்து, பேட்டை எந்தக் கையில் வைத்திருக்கிறோம் என்பதன் மூலம் டிராவிடுக்குச் சைகை காட்டியதாக டெண்டுல்கரே சொல்லியிருக்கிறார். அது ரிவர்ஸ் ஸ்விங்குக்கு, சுழலுக்கும் செல்லும்.

ஸ்ட்ரைக்குக்கு வந்ததும் முதல் மூன்று பந்தைக் கூக்ளி என்றே வைத்துக்கொண்டு ஆடுங்கள். புதிதாக வந்தவருக்கு அதைச் சீக்கிரமே போட்டுப் பார்ப்பது பெரும்பாலான லெக் ஸ்பின்னர்களின் பழக்கம். கவர் டிரைவ் அடி வாங்கியதும் அடுத்ததாகப் போடுவதும் அப்படியே. பேட்டுக்கும் பேடுக்கும் இடையே இடைவெளி விடாமல், உள்ளே வரும் பந்துக்கு ஆடுங்கள். லெக் பிரேக்காக இருந்தால் வெளிவிளிம்பைத் தாண்டிப் போகும், போகட்டும். கூட்டம் "ஊ" என்னும், அதற்கு விலை ஒன்றுமில்லை. நான்காவது பந்திலிருந்து காற்றில் உள்ளே நகர்கிறதா என்று தேடத் தொடங்குங்கள்.